ஒரு புள்ளிக்கு இடம்

என் வேலை மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்கு மாதச் சம்பளம் உண்டு என்றால் என் அக்கா சிரிப்பாள். "அது உனக்குப் பொறந்ததுலேருந்து உள்ள வியாதியாச்சேடி, அதுக்குப் போயி ஒருத்தன் காசு குடுக்குறானா?" என்பாள். இதை ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயசம் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பாயசத்தை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

எங்கள் ஆபீஸ் தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரி போகும் சாலையில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பூச்சிமருந்து வாடை, மூடினால் புழுக்கம். ஏசி முதலாளி அறையில் மட்டும். கையில் பிடித்துக்கொள்ளும் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை நாங்கள் எழுதினோம். அரசாங்க டெண்டர் ஒரு பெரிய கம்பெனிக்கு, அவர்களிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து எங்களுக்கு. குத்தகையும் உள்குத்தகையும் நிலத்தில் மட்டும்தான் உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிரல் 'சி' என்ற கணினி மொழியில் இருந்தது. இந்த மொழியில் ஒரு பெயரை வைக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு இத்தனை பைட் இடம் என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதைவிடப் பெயர் நீளமாக இருந்தால் மொழி தடுக்காது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காது. மிச்சத்தைப் பக்கத்து இடத்தில் எழுதிக்கொண்டு போய்விடும். வரப்பில்லாத வயல் மாதிரி. இவன் வயலில் தண்ணீர் கூடினால் அவன் பயிர் அழுகும். சில சமயம் கருவி அப்படியே மரமாக நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை. நிற்காமல், ஒருவர் பெயரின் மேல் இன்னொருவர் பெயரை எழுதிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் அச்சடிக்கும் பாருங்கள், அதுதான் ஆபத்து.

அதைத் தடுக்கத்தான் நான். ஒருவர் செய்த மாற்றத்தை வரி வரியாகப் படிப்பேன். எந்த எழுத்துச்சரம் எந்த இடத்துக்குள் போகிறது, இடம் போதுமா, பெயர் இதோடு முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறி உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன். சரியென்றால் 'அப்ரூவ்' பொத்தானை அழுத்துவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். படிப்பவர் தன் கையால் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது. எழுதுபவர் வேறு, பார்ப்பவர் வேறு. அந்தச் சட்டத்தை அந்த ஆபீஸில் சண்டை போட்டுக் கொண்டுவந்தவளே நான்தான். பிறகு அதற்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்களிடம் இருந்தது கிராம நிர்வாக அலுவலர்களுக்கான கருவி. வி.ஏ.ஓ. என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். ஒவ்வொரு போகத்திலும் அவர் வயல் வயலாகப் போய், எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று பதிய வேண்டும். அந்தக் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். பழைய கருவியில் நிலம் யாருடையது, பயிர் என்ன, அவ்வளவுதான் இருந்தது. நிலத்தில் இறங்கி வேலை செய்பவர் யார் என்று அது கேட்டதே இல்லை. புதிய பதிப்பில் முதல்முறையாக ஒரு வரி சேர்த்தார்கள்: 'சாகுபடி செய்பவர்.' பதிந்ததும் பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு அச்சாகி வரும். அதே பதிவு மேலேயும் போய்ச் சேரும்.

அந்த ஒரு வரிக்காக என் அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மடத்துக்குச் சொந்தமான நிலத்தை அத்தான் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு முன் அவர் அப்பா. அத்தான் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பந்தல் பிரித்த சில நாளில் மடத்து ஏஜெண்ட் வந்து, "குத்தகை அவரு பேருலதானேம்மா. அவரோட போச்சு. நெலத்த விட்டுடுங்க" என்றார். அக்கா விடவில்லை. மடம் வழக்குப் போட்டது. குத்தகைக்காரர் இறந்தால், நிலத்தில் தானே பாடுபடுகிற வாரிசுக்குத்தான் உரிமை தொடரும். இந்தம்மா பாடுபடவில்லை, வேறு ஆளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது மடத்தின் வாதம். நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை காலில் சேற்றுப்புண்ணோடு நிற்கிறவளைப் பற்றிச் சொன்னார்கள் இதை. கேட்டபோது எனக்குக் கொலைவெறி வந்தது.

அக்காவின் வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தக் குறுவைப் போகத்து அடங்கல்ல சாகுபடி செய்பவர்னு உங்க பேரு ஏறணும்மா. ஏறிடுச்சுன்னா நமக்குக் காலூன்ற எடம் கெடச்சுது. ஆனா பேரு முழுசா இருக்கணும். ஒரு எழுத்து பிசகினாலும் அது வேற ஆளுன்னு எதிர்த்தரப்பு நிக்கும்."

பேர் முழுசாக இருக்க வேண்டும் என்பதில்தான் வினையே. எங்கள் அப்பா கட்சிக்காரர். மேடைத் தமிழில் சொக்கிப்போய், பெண்கள் இரண்டு பேருக்கும் ரயில் நீளத்துக்குத் தனித்தமிழில் பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது எங்கள் முறை வந்தால் டீச்சர் ஒரு மூச்சு வாங்கிக்கொள்வார். அக்காவின் பெயர் என் பெயரைவிட நீளம். அவள் மூத்தவள், அப்போது அப்பாவுக்கு ஆர்வமும் அதிகம்.

இந்த நேரத்தில் ஆட்சி மாறியது. மற்றவர்களுக்கு ஆட்சி மாற்றம் என்றால் சுவரொட்டி மாறும், கொடிக்கம்பம் மாறும். எங்களுக்குத் தலைப்பு மாறும். சீட்டின் உச்சியில் திட்டத்தின் பெயர் அச்சாக வேண்டும். பழைய பெயர் போய்ப் புதிய பெயர் வந்தது. புதிய பெயருக்கு முன்னால் தலைவரின் பெயர், அதற்கு முன்னால் அவருடைய பட்டங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. மேலிருந்து வந்த தாளில் முழுதும் அப்படியே வர வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தது. நான் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தலைப்பை நிரலுக்குள் வைக்கும் வேலை என்னோடு வேலை பார்த்தவருக்குப் போனது. தரங்கம்பாடிப் பக்கம் கடலோரத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம், கை வேகம், வாய் அதைவிட வேகம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காலையில் கொடுத்த வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்து ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டார். நான் ஒரு வரியைப் படித்ததும் நாற்காலியைத் திருப்பினேன்.

"தம்பி, தலைப்புக்கு எவ்வளவு எடம் போட்டிருக்கீங்க? எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

"எழுத்த எண்ணினேங்கா. தமிழ் யுனிகோடுல ஒண்ணுக்கு மூணு பைட்டு. மூணால பெருக்கினேன். முடிவுக்கு ஒண்ணு சேத்தேன். கரெக்டுதானே?"

"எழுத்த எப்படி எண்ணினீங்க?"

"எப்படின்னா? ஸ்கூல்ல எண்ணுற மாதிரிதான்."

நான் ஒரு தாளில் திருவிடைமருதூர் என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். "எண்ணுங்க."

விரலை வைத்து எண்ணினார். "தி, ரு, வி, டை, ம, ரு, தூ, ர். எட்டு. இருபத்துநாலு பைட்டு."

"தி ஒரு எழுத்து இல்ல தம்பி. நமக்குத்தான் அது ஒரு எழுத்து. மெஷினுக்கு அது த தனி, மேல இருக்கிற சுழி தனி. ரெண்டும் சேந்து ஆறு பைட்டு. ர்-ல ர தனி, புள்ளி தனி. மொத்தம் நாப்பத்தஞ்சு."

அவர் மறுபடி எண்ணிப் பார்த்தார். "அட! புள்ளிக்குமா மூணு பைட்டு? அநியாயமா இருக்கேக்கா."

"உங்க கணக்குல போனா தலைவர் பட்டத்துல பாதி பக்கத்து எடத்துல போயி விழும். பக்கத்து எடம் யாரோடது பாருங்க."

பார்த்தார். சாகுபடி செய்பவர் பெயர். சோதனைக்கு ஓட்டிக் காட்டினேன். சீட்டில் தலைப்பு ஜம்மென்று வந்தது. கீழே சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் தலைவரின் கடைசிப் பட்டத்தின் வால் அச்சாகியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. "வெவசாயியா ஆக்கிட்டோமேக்கா அவர!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் திருப்பி அனுப்பினேன். தமிழ் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். அவன் மெஷின் எண்ணுகிற மாதிரி எண்ணியிருப்பான். உயிர்மெய் ஓர் எழுத்து என்று அடித்துச் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள்.

இரண்டாவது மாற்றம் இரண்டு நாளில் வந்தது. ஒரு குற்றமும் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் எல்லை பார்த்திருந்தார். இடம் தீர்ந்தால் அங்கேயே நிறுத்தி, முடிவுக்குறி வைத்திருந்தார். எந்தப் பெயரும் வரப்பைத் தாண்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய்திருந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் உறைத்தது. ஒரு பதிவின் மொத்த நீளம் பெரிய கம்பெனி வைத்தது. அதில் ஒரு பைட்டும் கூட்ட முடியாது. தலைப்பும் அந்தப் பதிவுக்குள்தான் உட்கார்ந்திருந்தது. யார் அப்படி வடிவமைத்தானோ, அவன் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும். தலைப்பு பெருத்துவிட்டதால், அது கேட்ட இடத்தைத் தம்பி சாகுபடி செய்பவரின் பெயரிலிருந்துதான் எடுத்திருந்தார். பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும்.

நான் அக்காவைப் பதிவில் எப்படி எழுதுவார்களோ அப்படியே தட்டச்சு செய்தேன். எங்கள் பக்கம் வருவாய்க் கணக்கில் ஒரு விதவையைத் தனியாக எழுதமாட்டார்கள். 'காலஞ்சென்ற' என்று தொடங்கும், பிறகு கணவர் பெயர், பிறகு 'மனைவி', கடைசியில்தான் அவள். ஓட்டினேன். காலஞ்சென்ற வந்தது. அத்தான் பெயர் முழுசாக வந்தது. மனைவி வந்தது. அதற்குப் பிறகு அக்காவின் பெயரில் முதல் மூன்று எழுத்து வந்து, நின்றுவிட்டது.

செத்தவர் முழுசாக இருக்கிறார், உயிரோடு சேற்றில் நிற்கிறவள் மூன்று எழுத்து. அதை அப்படியே கொண்டுபோய் மடத்து வக்கீல் கையில் கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். ஏசியில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"சார், தலைப்புல ரெண்டு பட்டத்த எடுத்தா எல்லார் பேருக்கும் எடம் வந்துடும்."

அவர் முதலில் கதவைப் பார்த்தார். "மேடம், மெதுவா பேசுங்க. பட்டத்த எடுக்கிறதா? நாளைக்கு அந்தச் சீட்ட எவனாவது போட்டோ எடுத்து, தலைவர் பேர வெட்டிட்டாங்கன்னு போட்டான்னா என் கதி என்ன?"

"அப்ப வெவசாயி பேர வெட்டலாமா?"

"அவரு போட்டோ எடுத்துப் போட மாட்டாரு மேடம்."

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அதுதான் எரிச்சல். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "மெமரி சேஃப்டியில தப்பு இருக்கா?"

"இல்ல."

"எங்கயாவது வழியுதா?"

"வழியல."

"கருவி நிக்குமா?"

"நிக்காது."

"நீங்க பாக்க வேண்டியது அதானே மேடம்? பேரு நீளம் அடுத்த பதிப்புல பாப்போம். திங்கக்கெழம காலையில இது போகலேன்னா, இந்தப் போகத்துக்குப் பழைய பதிப்புலயே ஓட்டிக்கறோம்னு மேல சொல்லிட்டாங்க."

பழைய பதிப்பு. அதில் அந்த வரியே கிடையாது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அழுத்தினால், பெயரை வெட்டுகிற கருவி ஊர் ஊராகப் போகும். அழுத்தாவிட்டால், யார் பெயருமே ஏறாது, அக்காவுக்கு இந்தக் குறுவை போச்சு. நானே உட்கார்ந்து மாற்றி எழுதலாம் என்றால், பார்ப்பவர் எழுதக் கூடாது என்று நான் போட்ட சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது, என் கையெழுத்தோடு. அப்படியே எழுதினாலும் எங்கிருந்து இடம் எடுப்பது? மொத்த நீளம் கூடாது, பட்டம் குறையக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாமே என்று இப்போது சுலபமாகத் தோன்றுகிறது. தஞ்சாவூரில் அடுத்தவன் சி நிரலைப் படித்துக் குற்றம் சொல்வதற்கு இன்னொரு ஆபீஸ் எங்கே இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் பஸ் ஏறினேன். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. கும்பகோணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. நாலு வழிச் சாலைக்கு நஞ்சையை எடுக்கப் போகிறார்கள் என்று சனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பயிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பெண்கள் முன்வரிசையில். பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. எனக்கு ஜன்னலோர இடம், வெயில் படும் பக்கம். வெளியே பார்த்தால் நேர் எதிரே ஊர்ப்பலகை: திருவிடைமருதூர். எட்டெழுத்து. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளி போனில் கூப்பிட்டார். "மேடம், பாத்துட்டீங்களா?" "பஸ்ஸுல இருக்கேன் சார்." "போன்லயே அழுத்தலாமே மேடம்." வைத்தேன். மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. பிறகு கடலோரத்துத் தம்பி கூப்பிட்டார்.

"அக்கா, இன்னும் ஏதாவது எடம் தேறுமான்னு காலையிலேருந்து நோண்டிக்கிட்டு இருக்கேன். தலைப்புல பட்டத்துக்கு நடுவுல ஒரு கமா இருந்துச்சு, அதத் தூக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. ஒரு பைட்டு கெடச்சுது."

"ஒரு பைட்ட வெச்சுக்கிட்டு என்ன தம்பி பண்றது? ஒரு புள்ளிக்கே மூணு வேணும்."

"அதான்க்கா. இன்னும் ரெண்டு கமா இருந்திருக்கக் கூடாதா?" என்றார் பாவம், உண்மையான துக்கத்தோடு.

பஸ் நகரவில்லை. இறங்கலாம் என்றால் வழியில் ஆள், படியில் ஆள். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத் திட்ட வாய் வரவில்லை. என் அக்கா எந்த ரோட்டில் உட்காருவாள் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் இருந்த அம்மா தன் விசிறியால் எனக்கும் சேர்த்து வீசினார். நான் போனை எடுத்துக் குறிப்பு எழுதும் இடத்தில், "நினைவகத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பெயருக்கு இல்லை. நீளமான பெயர்கள் வெட்டுப்படும். இது தெரிந்தே அனுப்பப்படுகிறது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அப்ரூவை அழுத்தினேன். அழுகையாக வந்தது, ஆத்திரத்தில். விசிறி அம்மா, "யாரும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சோறு போட்டாள். சாப்பிடும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். பைட், பதிவு எல்லாம் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. பெட்டி சின்னது, துணி அதிகம், கடைசியில் வைக்கிறது வெளியே போய்விடும் என்றேன். அது புரிந்தது.

"கடைசியில இருக்கிறது நானா?"

"ஆமாக்கா. அதனால உன் பேர மொதல்ல போடச் சொல்லு. அப்பறம் க/பெ போட்டு அத்தான் பேரு."

"அவரு பேர எடுத்துடக் கூடாதா மொத்தமா? எனக்கு எடம் தாராளமா இருக்குமே."

"கூடாது. அத்தான் பேரு இருந்தாத்தானே நீ வாரிசு?"

"அதுவும் சரி."

"காலஞ்சென்றங்கிறத எடுத்துடணும். அதுக்கே ஏகப்பட்ட எடம் போகுது."

அக்கா மோர்க் கரண்டியைக் கீழே வைத்தாள். "எடுத்துடு," என்றாள். "அந்த வார்த்தையப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

தரையில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டேன். அக்கா பெயர் முழுசாக உள்ளே வந்தது. க/பெ வந்தது. அத்தான் பெயரும் வந்தது, கடைசிப் புள்ளியைத் தவிர. அத்தான் பெயர் ன்-இல் முடியும். அந்தப் புள்ளிக்கு மட்டும் இடமில்லை. அதையும் சொன்னேன்.

"ஒரு புள்ளிதானே? போனா போவுது போ. சோறு ஆறுது, தின்னு," என்றாள்.

கருவி வந்தது. குறுவை பால் பிடிக்கும் பருவத்தில் வி.ஏ.ஓ. அக்காவின் வயலுக்கு வரும் நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போய் வரப்பில் நின்றேன். வி.ஏ.ஓ. சின்ன வயதுக்காரர், மரியாதையான ஆள். கட்டைவிரலால் தட்டத் தொடங்கினார்.

"காலஞ்சென்ற..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார்.

"அது வேணாம் தம்பி," என்றாள் அக்கா. "எம் பேர மொதல்ல போடுங்க."

"அப்படிப் போடுற வழக்கம் இல்லீங்களே."

"அவரு போய்ச் சேந்தது ஊருக்கே தெரியும். இருக்கிறவ பேரு மொதல்ல இருக்கட்டும்."

நானும் சொன்னேன். பெயர் வெட்டுப்படும், இந்தக் கருவி எங்கள் ஆபீஸில் செய்ததுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. அழித்துவிட்டு அக்காவின் பெயரை முதலில் அடித்தார். "எல்லா வயல்லயும் பொம்பளைங்க பேர இப்படியே மொதல்ல அடிச்சுடுங்களேன்," என்று கேட்டேன். "அதுக்கு மேலேருந்து சர்க்குலர் வரணுங்க," என்றார். அக்காவுக்குச் சொல்ல நான் இருந்தேன். மற்ற ஊர்களில் யார் பெயர் எந்த எழுத்தில் நின்றுபோனதோ, எனக்குத் தெரியாது.

கருவி கிர்ரென்றது. சீட்டு நீண்டு வந்தது. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உச்சியில் தலைப்பு, பட்டங்கள் ஒன்று குறையாமல். அதற்குக் கீழே நிலம், பயிர். அதற்குக் கீழே சாகுபடி செய்பவர் என்று அவள் பெயர், அப்பா வைத்த அந்த ரயில் நீளப் பெயர், ஓர் எழுத்து பிசகாமல். மடம் போட்ட வழக்குத் தாளைத் தவிர, அந்த நிலம் சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் அதுவரை அவள் பெயர் இருந்ததில்லை.

"ஏறிடுச்சுடி!" என்றாள். என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சிரித்தாள். "எம் பேரு எவ்வளவு அழகா இருக்குடி!" சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். வி.ஏ.ஓ.வும் சிரித்தார். படித்துக்கொண்டே விரல் க/பெ-யைத் தாண்டிப் போனது. அத்தான் பெயரின் கடைசி எழுத்தில் நின்றது.

புள்ளியில்லாத ன. நாக்கு அந்தப் பெயரை முடிக்க முடியாமல் தொங்கியது. அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். யாரையோ கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி கேட்டது.

"தம்பி, அந்தப் பேனாவக் குடுங்க."

"எதுக்குங்க?"

"ஒரு புள்ளி வெச்சுடறேன்."

"ஐயோ, வேணாங்க!" வி.ஏ.ஓ. பதறிவிட்டார். "கையால ஒரு புள்ளி வெச்சாலும் அது திருத்தங்க. அடித்தல் திருத்தல் இருக்கு, செல்லாதுன்னுடுவாங்க. மடத்து வக்கீலு அதத்தானே தேடுவாரு?"

பேனா அதற்குள் அவள் கையில் இருந்தது. மூடியைக் கழற்றியிருந்தாள். முனை அந்த ன-வுக்கு நேர் மேலே நின்றது. வைத்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. "அக்கா, வேணாம்," என்றேன். பிறகு மூடியைப் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அடுத்த வயலுக்கு நடந்தார்.

அக்கா சீட்டை மடிக்கவில்லை. கண் மேலே போயிற்று, தலைப்புக்கு. நகத்தால் பட்டம் பட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இங்க ஒரு புள்ளி. இந்தா இங்க ஒண்ணு. பாரு, ஒரே வார்த்தையில ரெண்டு." கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "இத்தன இருக்கே. இதுல ஒண்ணே ஒண்ண எடுத்து இவருக்கு வெச்சா என்னடி? கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"கேட்டேன்க்கா," என்றேன். "முடியாதுன்னுட்டாங்க."